கடவு

தாராபுரம் கோர்ட்டுக்கு எதிரில்
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
ஜெராக்ஸ் தனி.

ஐப்பசியில், மழை விடாத ஒரு செவ்வாய்க்கிழமை,
வக்கீல் மோகனாம்பிகை ஈரக் கட்டோடு வந்தார்.
சென்னைக்குப் போவது இங்கிலீஷில் தயார்,
இது மனுதாரருக்குப் படித்துக் காட்டத் தமிழில்.
மனுதாரர்: பழனாள், க/பெ. ஆறான், வயது ஐம்பத்தெட்டு.
எதிர்மனுதாரர்கள்: கலெக்டர் தொடங்கி
ஊராட்சித் தலைவர் முடிய ஐந்து பேர்.

கொறங்காட்டை ஒட்டிப் போகும் மண்தடம்.
கிளுவை வேலி நின்ற வரைக்கும்
அதில் ஒரு கடவு இருந்தது,
பாடை நுழையும்.
வேலியைப் பிடுங்கி ஹாலோபிளாக் மதில் வைத்தார்கள்.
ஊராட்சி தீர்மானம் போட்டது,
தாலுகா ஆபீஸ் முத்திரை குத்தியது.
ஆறானை
ஓடைத் தண்ணீரில் இடுப்பளவு இறங்கித்தான்
கொண்டுபோனார்கள்.

இதுவரைக்கும் எனக்குத் தெரிந்த தமிழ்.
ஒன்பதாம் பத்தியில் வெளியூர்கள் வந்தன.
வெளியூர் என்றால் மூலனூர், வெள்ளகோவில் அல்ல.
கொலம்பியா என்றார்.
ஒற்றைக் கொம்பா, இரட்டைக் கொம்பா என்றேன்.
அங்கே வக்கீல் இல்லாமலே
யாரும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாமாம்,
பத்து நாளில் தீர்ப்பு.
மாதம் என்று அடித்துவிட்டேன்.
நாள்தான், திருத்துங்க என்றார்.

அடுத்தது அமெரிக்கா, இருநூறு வருசத்துக்கு முந்தி.
ஒருத்தனுடைய வேலை உத்தரவு
கையெழுத்தாகி, முத்திரையும் விழுந்து,
மேசையிலேயே தங்கிவிட்டது.
நம் தாலுகா ஆபீஸ் கதைதானுங்களே என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
அந்த வழக்கில்தான் அந்நாட்டுப் பெரிய கோர்ட்டு
முதல்தடவையாக,
நாடாளுமன்றம் போட்ட சட்டத்திலேயே ஒரு பிரிவு
செல்லாது என்றதாம்.
உத்தரவு அவன் கைக்கு வந்ததுங்களா?
இல்லை.
அதை அடிக்க வேண்டாம் என்றார்.

தென்னாப்பிரிக்கா எனக்குக் கொஞ்சம் தெரியும்.
மச்சினன் திருப்பூரில்
பேல்களின்மேல் துறைமுகப் பெயர் எழுதுகிறவன்.
டர்பன் என்று கறுப்பு மார்க்கரில் எழுதுவான்,
பனியன் போகும்.
அதைப் போட்டுக்கொண்டு அங்கே எவனோ
கோர்ட்டுப் படி ஏறியிருப்பான்.
அவன் வாங்கிய வாக்கியம்
கடவுச்சீட்டு இல்லாமல் கடல் தாண்டி
என் விசைப்பலகைக்கு வந்து நிற்கிறது.
நம்முடையதும் போயிருக்கிறதாம்:
திருத்தலாம், அடிக்கட்டுமானத்தில் கை வைக்காதே என்று
நம் கோர்ட்டு சொன்னதை
வங்காளதேசத்தில் எடுத்து வைத்து வாதாடினார்களாம்.

எல்லா ஊரிலும் நின்றுவிடுமா என்று கேட்டேன்.
மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
நீதிபதிகளின் ஓய்வு வயதைக் குறைத்து
ஒரே நாளில் பலரை வீட்டுக்கு அனுப்பிய நாடுகளும் உண்டு.
அதுவும் சட்டம் போட்டுத்தான்.

பழனாள் பெஞ்சில் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.
நான் பதினோரு பக்கமும் படித்தேன்,
அந்த ஊர்ப் பெயர்களை நாக்கு புரண்டு புரண்டு.
முடித்ததும் கேட்டாள்:
"இத்தன ஊர்லயும்
மதிலு கட்டிப்போட்டாங்களாக்கும்?"

வக்கீலும் நானும் பேசவில்லை.
மை டப்பாவைத் திறந்து வைத்தேன்.
பெருவிரலைத் தள்ளிவிட்டு
பேனாவைக் கேட்டாள்.
ப, ழ, னா, ள்.
ழகரத்தின் வால் கோட்டுக்குக் கீழே இறங்கியது.

சித்திரையில் உத்தரவு வந்தது.
எட்டு வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்க.
ஏழாவது வாரம் பூராவும் கலெக்டர் லீவு.
பதினான்காவது வாரம்
கொத்தனார் வந்து மதிலை உடைத்தார்,
போட்டோ எடுத்தார்கள்,
இணக்க அறிக்கை சென்னைக்குப் போயிற்று.

நேற்று பொழுதோட பழனாள் வந்தாள், தனியாக.
மடியிலிருந்து ஒரு தேங்காய்நார்க் கயிறை எடுத்து
என் மேசையில் நீட்டினாள்.
நடுவில் ஒரு முடிச்சு.
முடிச்சு வரைக்கும் அவர்கள் விட்ட கடவு,
ரெண்டடி.
முழுக்கயிறும் பாடை.

வக்கீலம்மா நாளைக்குத்தான் வருவாங்க என்றேன்.
தெரியும், நீங்க அளவ மட்டும் அடிச்சு வைங்க என்றாள்.
ஸ்கேலை எடுத்தேன்.
கயிறு சுருண்டுகொண்டே இருந்தது,
அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.